பைக், ஸ்கூட்டர் திருடு போகாமல் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடைய பைக் திருடு போன அன்று, அதற்காக வாங்கிய டிஸ்க் லாக் (பிரேக் டிஸ்க்கில் மாட்டும் சிறு பூட்டு) எங்கே இருந்தது தெரியுமா? அந்த பைக்கின் சீட்டுக்கு அடியிலேயே. வண்டியோடு அதுவும் போயிற்று. 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று சாவியை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போனேன். வரிசை நீண்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. வெளியே வந்தால், வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது. வண்டி வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹேண்டில் லாக் போட்டுத்தானே நிறுத்துகிறேன். அது போதாதா?

போதாது. அதற்காகப் போடாமலும் இருக்காதீர்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பிச் சாவியைப் போடும்போது, உள்ளேயிருந்து விரல் தடிமன்கூட இல்லாத ஓர் உலோக முளை வெளியே வந்து ஒரு குழியில் உட்காருகிறது. மொத்தப் பூட்டும் அவ்வளவுதான். அதற்கு எதிரே இருப்பதோ முழு நீள ஹேண்டில், அருமையான நெம்புகோல். கொஞ்சம் பலம் உள்ளவன் வேகமாக உந்தினால் முளை முறிந்துவிடும். பெரிய சத்தமும் வராது.

இன்னொன்று. சாவியைத் திருப்பியதும் லாக் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம். பல நேரம் விழுந்திருக்காது. சாவியை எடுத்த பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

திருடர்கள் உண்மையில் எப்படித்தான் எடுத்துப் போகிறார்கள்?

கம்பியை வளைத்துப் பூட்டைத் திறக்கிற ஆசாமியைச் சினிமாவில்தான் அதிகம் பார்க்கலாம். தெருவில் நடப்பது அதைவிடச் சாதாரணமானது. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அல்லது சாவித் துவாரம் தேய்ந்து, கிட்டத்தட்ட எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்புகிற நிலையில் இருக்கும். அல்லது ஹேண்டில் லாக்கை முறித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், ஆளில்லாத இடத்தில் வைத்து ஒயரை இணைப்பார்கள். தள்ளுவதுகூட நடந்து அல்ல. ஒருவன் திருட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பான், இன்னொருவன் பின்னால் வேறு வண்டியில் வந்து காலால் உந்திக்கொண்டே போவான். பார்க்கிறவர்களுக்குப் பெட்ரோல் தீர்ந்த நண்பனுக்கு உதவுவது போலவே இருக்கும்.

கடைசி வழி, தூக்கிக்கொண்டு போவது. சாதாரண ஸ்கூட்டர் 100 கிலோ, கொஞ்சம் கூடினால் 110. இரண்டு பேர் போதும். 180, 200 கிலோ பைக்குக்கு நான்கு பேரும் ஒரு வேனும். எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

இதில் எதற்கும் நீண்ட நேரம் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். திருடனுக்கு உங்கள் வண்டி மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. எது சீக்கிரம் வருமோ, சத்தமில்லாமல் வருமோ அதுதான் வேண்டும். ஆகவே பூட்டு வாங்கும்போது "இதை உடைக்க முடியுமா?" என்று கேட்காதீர்கள். எல்லாவற்றையும் உடைக்கலாம். "உடைக்க எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு சத்தம் வரும்?" என்று கேளுங்கள்.

என் வண்டியில் இம்மொபிலைசர் இருக்கிறது. பிறகு எதற்குக் கவலை?

சாவியின் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கும். அதன் குறியீட்டை வண்டியின் கணினி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். ஒயரை இணைத்து ஓட்டிப் போகிறவனை இது நன்றாகவே தடுக்கும். ஆனால் தூக்கிப் போகிறவனுக்கும் தள்ளிப் போகிறவனுக்கும் எஞ்சினே தேவையில்லை. உதிரிபாகமாகப் பிரிக்கத்தான் போகிறான் என்றால் அது ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

டிஸ்க் லாக், சங்கிலி, யூ வடிவப் பூட்டு: எதை வாங்குவது?

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நல்ல சங்கிலி. காரணம் எளிது. டிஸ்க் லாக் சக்கரத்தைச் சுற்ற விடாது, அவ்வளவுதான். வண்டியை எதனோடும் கட்டிப்போடாது. அப்படியே அலாக்காகத் தூக்கி வேனில் வைத்துவிடலாம். சங்கிலியோ வண்டியைப் பூமியோடு சேர்த்துக் கட்டுகிறது.

அதற்காக டிஸ்க் லாக் வீண் என்று சொல்லவில்லை. பாக்கெட்டில் போகும், பத்து விநாடியில் மாட்டலாம். தள்ளிப் போகிறவனை நிறுத்திவிடும். கடைக்குள் போய்வரும் அந்த 'ரெண்டு நிமிஷ' வேலைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரே ஆபத்து, மறப்பது. பூட்டு இருப்பதை மறந்து வண்டியைக் கிளப்பினால், சக்கரம் பாதிச் சுற்று சுற்றிப் பூட்டு காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) போய் மோதும். வண்டி அப்படியே கவிழும், டிஸ்க்கும் வளையும். அதனால்தான் பளீர் நிறத்தில் ஒரு சுருள் கம்பி கூடவே வருகிறது. அதன் ஒரு முனையை டிஸ்க் லாக்கிலும் மறு முனையை ஆக்சிலரேட்டர் கைப்பிடியிலும் மாட்டுங்கள். கவர்ச்சியாக இல்லை என்று அதைத் தூக்கி எறிந்த ஒருவர் மாற்று டிஸ்க் வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருக்கிறேன்.

யூ வடிவப் பூட்டு உறுதியானது, ஆனால் வளையாது. பக்கத்திலேயே சரியான அளவில் ஒரு கம்பம் இருந்தால்தான் அதனால் பயன். ரப்பர் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டு ஹெல்மெட்டைக் கட்டத்தான் லாயக்கு.

சங்கிலி எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். அதில் 16 மி.மீ. தடிமன் இருந்தால் கையால் இயக்கும் போல்ட் கட்டர் பயனற்றுப்போகும். 10 மி.மீ. சங்கிலி பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரிய கட்டருக்கு அது கரும்புத் துண்டுதான். சிக்கல் எடையில் இருக்கிறது. 16 மி.மீ. சங்கிலி ஒரு மீட்டரே சுமார் 5 கிலோ வரும். தினமும் சுமந்துகொண்டு திரிய முடியாது. அதனால் நான் செய்வது: கனமான சங்கிலி வீட்டிலேயே நிரந்தரமாகக் கிடக்கும், 12 அல்லது 13 மி.மீ. சங்கிலி வண்டியோடு வரும். அலுவலகத்தில் தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்றால், அனுமதி கேட்டு அங்கேயும் ஒன்றை விட்டு வைக்கலாம்.

தடித்த சங்கிலியை வாங்கிவிட்டு அதில் ஒரு பெட்டிப் பூட்டை மாட்டாதீர்கள். வெட்டுகிறவன் சங்கிலியைத் தொடவே மாட்டான்.

சங்கிலியை எங்கே, எப்படிக் கட்டுவது?

விலை உயர்ந்த சங்கிலி வைத்திருப்பவர்களிலும் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், முன்சக்கரத்தில் மட்டும் கட்டாதீர்கள். முன்சக்கரம் ஓர் அச்சுத் தண்டில்தான் நிற்கிறது. அதைக் கழற்றினால் சக்கரமும் சங்கிலியும் உங்களுக்கு, மிச்ச வண்டி அவனுக்கு. பைக் என்றால் பின்சக்கரத்தின் வழியாக விட்டு, முடிந்தால் சேசிஸின் (வண்டியின் இரும்புச் சட்டகம்) ஒரு பகுதியையும் சேர்த்து வளைத்துப் பூட்டுங்கள். ஸ்கூட்டரில் சேசிஸ் பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஒளிந்திருக்கும். பின்பக்கம் கைப்பிடிக் கம்பியில் கட்டினால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் அது நான்கு போல்ட்டில் கழன்று வந்துவிடும். சக்கரத்தில் விடுவதே மேல்.

அடுத்தது, சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. போல்ட் கட்டரை எடுத்து ஒருவன் நின்றவாறே வெட்டினால் இரண்டு கையின் பலம் மட்டும்தான். அதே சங்கிலி தரையில் கிடந்தால், கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதன் மேல் உடம்பின் மொத்த எடையையும் போடுவான். சம்மட்டி வைத்திருப்பவனுக்கோ தரையே பட்டறைக் கல். ஆகவே சங்கிலியைத் தொய்வில்லாமல் இழுத்து, முழங்கால் உயரத்தில் நிற்கும்படி, பூட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். சங்கிலி நீளமாக இருந்தால் இன்னொரு சுற்றுச் சுற்றித் தொய்வை எடுத்துவிடுங்கள்.

எதனோடு கட்டுகிறோம் என்பதையும் பாருங்கள். கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தலைப்பக்கம் திறந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். திறந்த குட்டைக் கம்பத்தில் கட்டினால் வண்டியைச் சங்கிலியோடு உருவி மேலே தூக்கிவிடலாம். எதுவுமே இல்லாத இடத்தில் நண்பரின் வண்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு வண்டியை ஒரே நேரத்தில் தூக்க யாருக்கும் மனம் வராது.

பூட்டில் நட்சத்திரம், கோல்டு, டைமண்ட் என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

அதை யார் கொடுத்தது என்று பாருங்கள். கம்பெனி தனக்குத் தானே பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டுக்கொள்வதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. பிரிட்டனில் 1992-இல் தொடங்கிய சோல்டு செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளை உண்மையாகவே உடைத்துப் பார்த்து வெண்கலம், சில்வர், கோல்டு, டைமண்ட் என்று தரம் பிரிக்கிறது. நெதர்லாந்தின் ஏஆர்டி அமைப்பு நட்சத்திரம் கொடுக்கிறது, 5 வரை. சோல்டு செக்யூரில் சைக்கிளுக்குத் தனி வரிசை, மோட்டார் சைக்கிளுக்குத் தனி வரிசை. சைக்கிள் கோல்டும் மோட்டார் சைக்கிள் கோல்டும் ஒன்றல்ல. அட்டைப் பெட்டியில் எந்தப் படம் போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி கிரைண்டர் வந்த பிறகு எந்தப் பூட்டுத்தான் நிற்கும்?

நியாயமான கேள்வி. கையடக்க ஆங்கிள் கிரைண்டர் சாதாரண எஃகுச் சங்கிலியைச் சில நிமிடத்துக்குள் அறுத்துவிடும். வெட்டும் தகட்டையே தேய்த்துத் தின்றுவிடும் கலவை பூசிய பூட்டுகள் இப்போது வந்திருக்கின்றன. கிரைண்டரை முழுக்கத் தோற்கடிக்காது, ஆனால் திருடனைத் தகடு மேல் தகடாக மாற்ற வைக்கும். விலை அதிகம். வண்டி புதியது, இரவெல்லாம் தெருவில்தான் நிற்கிறது என்றால் யோசியுங்கள்.

கிரைண்டர் அடிக்கும் சத்தத்துக்கும் தீப்பொறிக்கும் ஒளிவு மறைவு கிடையாது. அதனால் நாலு பேர் பார்க்கும் இடத்தில் நிறுத்துவதே அதற்குப் பாதி மருந்து.

அலாரம் வைக்கலாமா?

வைக்கலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கனரக வண்டி கடந்து போனால் கத்தும், பூனை ஏறி உட்கார்ந்தால் கத்தும். மூன்றாவது நாளிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், உங்களையும் சேர்த்து. உணர்திறனைக் குறைத்து வையுங்கள். வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் வைப்பவர் என்றால் அலாரம் பேட்டரியை மெல்ல உறிஞ்சிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜிபிஎஸ் டிராக்கர் இருந்தால் பூட்டு தேவையில்லை அல்லவா?

டிராக்கர் திருட்டைத் தடுக்காது. திருடு போன வண்டியைத் தேட உதவும். உள்ளே ஒரு சிம் இருக்கும், இடத்தைக் கண்டுபிடித்து அலைபேசி வலைப்பின்னல் வழியாக உங்களுக்குச் சொல்லும். அடித்தளப் பார்க்கிங்கிலும் இரும்புக் கொள்கலனிலும் சிக்னல் செத்துவிடும். சிக்னலை முடக்கும் ஜாமர் கருவி வைத்திருக்கும் ஆட்களும் உண்டு.

விவரமான திருடர்கள் இன்னொன்றும் செய்வார்கள். எடுத்த வண்டியை நேராக வீட்டுக்குக் கொண்டுபோகாமல், நாலு தெரு தள்ளி ஒரு சந்தில் நிறுத்திவிட்டு ஓரிரு நாள் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். யாரும் தேடி வராவிட்டால் டிராக்கர் இல்லை என்று அர்த்தம். இதனால் உங்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது: வண்டி போன முதல் ஒன்றிரண்டு நாளில் சுற்று வட்டாரச் சந்துகளை ஒரு நடை பார்த்துவிடுவது வீண் வேலை அல்ல.

டிராக்கரைச் சீட்டுக்கு அடியில் பேட்டரியின் தலையில் ஒட்டாதீர்கள். எல்லோரும் முதலில் பார்ப்பது அங்கேதான். சொந்தமாக ஒரு சிறு பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். வண்டியின் மின்சாரத்தைத் துண்டித்தாலும் சில மணி நேரம் பேசும். சிம் ரீசார்ஜை மறக்காதீர்கள். வண்டி போன அன்றுதான் அது காலாவதியாகிக் கிடப்பது தெரியவரும்.

ஏர்டேக் மலிவாக இருக்கிறதே, அதை ஒளித்து வைத்தால்?

2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்த வில்லையில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிற ஐபோன்களின் புளூடூத் வழியாகத்தான் இடம் தெரியவரும். ஆள் நடமாட்டம் உள்ள ஊர்ப்பகுதியில் நன்றாக வேலை செய்யும். ஆனால் யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, அறிமுகமில்லாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று அது திருடனின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பும். 2023 முதல் ஆண்ட்ராய்டிலும் இது வந்துவிட்டது. ஆகவே துணைக்கு ஒன்றாக வைக்கலாம், அதையே முழுதாக நம்ப வேண்டாம்.

ரகசிய சுவிட்ச் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக்.

எனக்குப் பிடித்த யோசனை. எரிபொருள் பம்புக்கோ இக்னிஷனுக்கோ போகும் ஒயரில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சுவிட்ச். வண்டி கிளம்பாது, திருடனுக்குக் காரணமும் புரியாது. ஹேண்டிலில் இருக்கும் சிவப்பு சுவிட்ச்சை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதை எல்லோருக்கும் தெரியும். வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒட்டுப்போட்ட ஒயர் ஓடும்போது விட்டுப்போனால் நடுரோட்டில் எஞ்சின் அணைந்துவிடும். வாரண்டி உள்ள புது வண்டியில் ஒயரில் கை வைத்தால் வாரண்டி போகலாம், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் வைத்த பழைய பைக் என்றால் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது: பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் போங்கள். மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி, எங்காவது நாலு பேர் நடுவில் நின்றுவிடும்.

இரவில் வீட்டு வளாகத்துக்குள்தான் நிற்கிறது. அங்கேயும் பூட்ட வேண்டுமா?

கட்டாயம். திருடனுக்கு நிதானமாக வேலை செய்ய இரவு மாதிரி நேரம் கிடையாது, வளாகச் சுவர் அவனையும் சேர்த்தே மறைக்கிறது. தரையிலோ சுவரிலோ கான்கிரீட்டில் பதிக்கும் இரும்பு வளையம் ஒன்றைப் போட்டு, கனமான சங்கிலியை அதனோடு கட்டுங்கள். வண்டியின் மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்தினால் வெளியே இழுக்கவே நேரமாகும். ஒரு கவர் போட்டு மூடுங்கள். உள்ளே என்ன வண்டி, என்ன பூட்டு என்று தெரியாது. கழற்றிப் பார்க்க வேண்டும், அதற்கும் அரை நிமிடம்.

சாவி விஷயத்தில் என்ன கவனம் வேண்டும்?

சீட்டுப் பூட்டைத் திறந்து பையை எடுத்துவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்டுப் போவது. நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்! சாவிக்கொத்தில் ஒரு சிறு மணியைக் கோத்துக்கொள்ளுங்கள், பையில் விழும் சத்தம் இல்லாவிட்டால் ஏதோ குறைவதாகக் காது சொல்லிவிடும். இரண்டாவது சாவி வண்டியின் டப்பாவில் இருக்கக் கூடாது. வாங்கும்போது சாவியோடு எண் பொறித்த சிறு தகடு வந்தால், அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள், அந்த எண்ணை வைத்துச் சாவி செய்ய முடியும். துவாரத்தை மூடும் காந்த ஷட்டர் இருந்தால் அந்த ஒரு விநாடியைச் செலவழித்து மூடுங்கள். சாவி ஆடிக்கொண்டே திரும்புகிறது என்றால் லாக் செட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சாவியே இல்லாத கீலெஸ் வண்டி என்றால், ரிமோட்டை வாசல் பக்கம் மாட்டி வைக்காதீர்கள். அதன் சிக்னலை நீட்டிக் கொண்டுபோகும் கருவிகள் உண்டு. அணைத்து வைக்க வசதி இருந்தால் இரவில் அணைத்துவிடுங்கள்.

மின்சார ஸ்கூட்டருக்கு வேறு ஏதாவது?

கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ளது என்றால், பேட்டரிதான் பாதி வண்டி. உள்ளே எடுத்துப் போங்கள். செயலியில் வரும் நகர்வு எச்சரிக்கையைத் தொல்லையாக இருக்கிறதென்று அணைத்துவிடாதீர்கள்.

என்னுடையது பழைய வண்டி. இதை யார் திருடுவார்?

பழைய வண்டிக்குத்தான் பூட்டு தேய்ந்திருக்கும், இம்மொபிலைசர் இருக்காது. நிறைய ஓடுகிற மாடல் என்றால் உதிரிபாகத்துக்குக் கேட்பார் நிறைய. வேறு குற்றம் செய்யப் போகிறவனுக்கும் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டிதான் வேண்டும்.

வண்டியை விற்கிறேன். ஓட்டிப் பார்க்கக் கேட்கிறார்கள்.

முழுத் தொகையையோ அதற்கு ஈடான ஒன்றையோ கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். 'என் வண்டி இங்கேயே நிற்கட்டும்' என்று அவர் விட்டுப்போகும் வண்டி ஈடாகாது, அதுவே திருட்டு வண்டியாக இருக்கலாம்.

பழைய வண்டி வாங்கும்போது திருட்டு வண்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்து ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் சேசிஸ் எண் ஹேண்டில் தண்டுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். உலகப் பொது முறையில் அது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது, அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தாலோ, விலை எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

காப்பீடு எடுத்திருக்கிறேன். பணம் வந்துவிடும்தானே?

எந்தக் காப்பீடு என்று பாருங்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. திருட்டையும் சேர்த்த காப்பீட்டிலும் பொதுவாக இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று வண்டியிலேயே இருந்தது என்று தெரிந்தால் 'கவனக்குறைவு' என்ற சொல் வந்து நிற்கும். பூட்டு வாங்கிய ரசீதை வைத்திருங்கள்.

வண்டியைக் காணோம். முதலில் என்ன செய்வது?

தவறான இடத்தில் நிறுத்தியதற்காக இழுத்துப் போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்தார்களா என்றும். இல்லையென்றால் உடனே காவல் நிலையம். பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண், வண்டியின் படம் நான்கையும் போனில் இப்போதே சேமித்து வையுங்கள். ஆவணங்கள் வண்டியின் பெட்டிக்குள் இருந்ததால் எனக்கு எதுவும் நினைவில்லை, அரை நாள் அதற்கே போயிற்று. புகாரின் நகல் வாங்கியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும், அதையும் உடனே கேளுங்கள்.

டிராக்கரில் இடம் தெரிகிறது. நானே போய் எடுத்து வந்துவிடட்டுமா?

வேண்டாம். அங்கே ஒருவன் இருக்கிறானா ஐந்து பேரா என்று டிராக்கர் சொல்லாது. திரையைப் படமெடுத்துக் காவல்துறையிடம் காட்டி, அவர்களோடு போங்கள்.

வண்டி திரும்பக் கிடைத்துவிட்டது. அப்புறம்?

என்னுடையது கிடைக்கவில்லை. கிடைத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். முதலில் லாக் செட்டை மொத்தமாக மாற்றினார், ஏனென்றால் வழி தெரிந்தவன் திரும்பவும் வரலாம். பிரேக், டயர், ஒயர் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் காட்டினார். காப்பீட்டுக்கும் தகவல் சொன்னார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்: வண்டி கிடைத்துவிட்டது என்று காவல்துறைப் பதிவில் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கவில்லை. அடுத்த வாரம் சோதனையில் நிறுத்தினார்கள். பதிவில் அது இன்னும் திருட்டு வண்டி. தன் வண்டியைத் தானே திருடவில்லை என்று நிரூபிக்க அவருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.